ரவுடிகள் மீட்ட கிளப்

2017 நவம்பரில், இருபது நாள் இடைவெளியில், இந்தோனேசியாவில் இரண்டு கால்பந்து கிளப்புகள் பட்டம் வென்றன. 8ஆம் தேதி முதல் பிரிவு லீகின் பட்டத்தை உறுதிசெய்துகொண்டது பயங்காரா எஃப்.சி. 28ஆம் தேதி பாண்டுங் நகரில் நடந்த இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரம்வரை மல்லுக்கட்டி, பி.எஸ்.எம்.எஸ். மேடானை 3-2 என்று சாய்த்தது பெர்செபாயா. முன்னது போலீஸ்காரர்களின் கிளப். ‘பயங்காரா’ என்றால் நம் காதில் என்ன விழுகிறதோ அதேதான்: சமஸ்கிருதத்திலிருந்து அங்கே போன ‘பயங்கர’. மஜபாஹித் பேரரசின் அரண்மனைக் காவற்படைக்கு அந்தப் பெயர் இருந்தது. இன்று இந்தோனேசியப் போலீசார் அதைப் பெருமையோடு சூடிக்கொண்டிருக்கிறார்கள். பின்னது கிழக்கு ஜாவாவின் துறைமுக நகரமான சுராபாயாவின் கிளப். ‘போனெக்’ என்று நாடு முழுக்க ஏசப்படும் ரசிகர்களின் கிளப். வேடிக்கை என்னவென்றால், அந்தப் போலீஸ் கிளப் எதிலிருந்து முளைத்ததோ அந்தக் கிளப்புக்கும் 2015 வரை பெயர் பெர்செபாயாதான்.

ஒரே பெயரில் இரண்டு கிளப் எப்படி வந்தது என்பதைச் சொல்லி முடித்தாலே நான் மறுக்க வந்த கருத்துக்குப் பாதி உயிர் போய்விடும். அந்தக் கருத்தை அதன் ஆதரவாளர்கள் சொல்கிற மாதிரியே முதலில் வைத்துவிடுகிறேன். இந்தோனேசியக் கால்பந்துக்குப் பிடித்த நோய் அதன் ரசிகர் கூட்டம். ஆள் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, ஊருக்கு ஊர் மைதானம் இருக்கிறது. ஆனால் கேலரியில் உட்கார்ந்திருப்பது கட்டுக்கடங்காத கும்பல். கும்பல்களிலேயே மோசமானது போனெக். பெர்செபாயா போன்ற ஒரு பழம்பெரும் கிளப் பத்தாண்டுக் காலம் சீரழிந்ததற்கு அந்தக் கும்பலின் சாபம்தான் காரணம். கூட்டத்தை அடக்கு, ஆட்டம் தானே பிழைத்துக்கொள்ளும்.

ஜகார்த்தாவின் அதிகாரிகள் இப்படிப் பேசுகிறார்கள். வெளிநாட்டு நிருபர்கள் இதையே எழுதுகிறார்கள். 2022 அக்டோபரில் மலாங் நகரின் கன்ஜுருஹான் மைதானத்தில் 135 பேர் செத்தபோது உலகம் முழுக்க முதல் நாள் செய்திகளில் உட்கார்ந்திருந்த சொல் ‘கலவரம்’. நாமும் அந்தச் சொல்லோடு தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

நான் சொல்கிறேன்: பெர்செபாயாவின் தொண்ணூற்றுச் சொச்ச ஆண்டு வரலாற்றில் அந்தக் கிளப்பைச் சாவின் விளிம்புக்குத் தள்ளிய ஒவ்வொரு அடியும் மேசைமேல் வைத்துக் கையெழுத்திடப்பட்டது. அதைத் தூக்கி நிறுத்திய கை கேலரியிலிருந்து வந்தது.

போனெக்குகள் சாதுக்கள் என்று சாதிக்க நான் வரவில்லை. 2006 செப்டம்பர் 4 அன்று, மலாங்கின் அரேமாவுடன் நடந்த கோப்பை ஆட்டத்தின்போது சுராபாயாவின் தம்பக்சாரி மைதானத்தை உடைத்தார்கள், வெளியே நின்ற வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள். தொலைக்காட்சிக்காரர்களின் வண்டியும் தப்பவில்லை. 2010 ஜனவரியில் பாண்டுங்குக்கு ரயிலேறிப் போனபோது வழியில் சோலோ நகரத்தாரோடு கல்லெறிச் சண்டை நடந்தது. ரயில் நிலையங்களில் சோறு விற்கும் பெண்களின் கூடைகள் காலியான கதை ஜாவாவின் ரயில் பாதை நெடுக உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று சிடோஆர்ஜோவில் ஓர் ஆட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில் மைதானத்துக்குள் இறங்கி விளம்பரப் பலகைகளையும் கோல் வலையையும் துவம்சம் செய்தார்கள். இவற்றை மறைத்துவிட்டுப் பேசினால் நான் போனெக்குகளின் வக்கீலாக இருக்கலாம், கட்டுரை எழுத லாயக்கில்லை. கூடை பறிகொடுத்த பெண்ணுக்கு எந்த வாதமும் ஈடாகாது. ஆனால் குற்றம் செய்தவன் யார் என்பது ஒரு கேள்வி. நோய் எங்கிருந்து வருகிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதில் சிலருக்கு லாபம் இருக்கிறது.

முதலில் அந்தச் சொல். போனெக் என்பது ‘போண்டோ நெகாட்’ என்ற ஜாவானியத் தொடரின் சுருக்கம். முரட்டுத் துணிச்சலே கைமுதல் என்று பொருள். கையில் காசில்லை, டிக்கெட் இல்லை, திரும்பி வர வழி தெரியாது; ஆனாலும் கிளம்பிவிடுவான். இந்தச் சொல்லை ஊரறியச் செய்தது போலீஸ் அறிக்கையல்ல, ஜாவா போஸ் என்ற சுராபாயா நாளிதழ். 1980களின் பிற்பகுதியில், டாஹ்லான் இஸ்கான் தலைமையில் விற்பனையைப் பெருக்கத் துடித்துக்கொண்டிருந்த அந்தப் பத்திரிகை, வெளியூர் ஆட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான ரசிகர்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டுபோனது. ஊதல் ஒலியை வைத்து ‘டிரெட் டெட் டெட்’ என்று அதற்கொரு பெயர். தலையில் பட்டை கட்டி, வாயைப் பிளந்து கத்தும் ஓர் இளைஞனின் முகத்தை அந்தப் பத்திரிகையின் ஓவியர் வரைந்தார். இன்றைக்கும் பச்சைச் சட்டைகளில் அச்சாவது அந்த முகம்தான். பேருந்து இருந்தவரைக்கும் போனெக் என்றால் நகரத்தின் செல்லப்பிள்ளை. பத்திரிகையின் ஊர்வலம் நின்றது. ஏழைப் பையன்கள் நிற்கவில்லை. சரக்கு லாரியைக் கைகாட்டி ஏறினார்கள், ரயில் கூரையில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் செல்லப்பெயர் வசைப்பெயராயிற்று.

இதில் இன்னொரு சங்கதியும் கலந்திருக்கிறது. சோலோவும் யோக்யகார்த்தாவும் அரண்மனைகளின் ஊர்கள். அங்கே பேசும் ஜாவானியத்தில் பெரியவருக்கு ஒரு சொல், சமமானவருக்கு ஒரு சொல் என்று மரியாதை படிப்படியாக அடுக்கியிருக்கும். சுராபாயா துறைமுகத்து ஊர், பாட்டாளிகளின் ஊர். அங்கே எல்லா ஆணும் ‘சாக்’, அதாவது அண்ணன். எல்லா இளவட்டமும் ‘ஆரெக்’, அதாவது இந்த ஊர்ப் பிள்ளை. நண்பனை வாழ்த்துவதும் வசைச்சொல்லில்தான். இந்தக் கொச்சையைக் கேட்டால் நடு ஜாவாவின் கனவான்களுக்கும் தலைநகரின் கனவான்களுக்கும் மூக்கு சுளியும். போனெக் மீதான வெறுப்பில் எத்தனை பங்கு கல்லுக்கு, எத்தனை பங்கு அந்தப் பேச்சுக்கும் கிழிந்த சட்டைக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தோன்றுகிறது, பின்னதுதான் அதிகம்.

இப்போது மேசைக்கு வருவோம்.

கிளப் பிறந்தது 1927 ஜூன் 18. பைஜோ, பமுஜி என்ற இருவர் தொடங்கியபோது அதற்கு டச்சு மொழியில் நீளமான பெயர்; சுருக்கமாக எஸ்.ஐ.வி.பி. அந்தப் பெயரின் நடுவில் ‘இந்தோனேசிய’ என்ற சொல்லைத் துணிந்து வைத்தார்கள் என்பதுதான் முக்கியம். டச்சுக்காரர்களுக்கு அதே நகரில் தனிச் சங்கம் இருந்தது. மண்ணின் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். மூன்றாண்டு கழித்து, 1930 ஏப்ரல் 19 அன்று யோக்யகார்த்தாவில் ஏழு ஊர்ச் சங்கங்கள் கூடி இந்தோனேசியக் கால்பந்து சம்மேளனமான பி.எஸ்.எஸ்.ஐ.யை உருவாக்கின. ஜெர்மனியில் படித்த கட்டுமானப் பொறியாளர் சுரதின் சொஸ்ரோசுகோண்டோ அதன் முதல் தலைவர். நாட்டுக்கு விடுதலை கிடைக்கப் பதினைந்தாண்டு முன்பே கால்பந்து வழியாக நாட்டை உண்டாக்கிப் பார்த்த கூட்டம் அது. அந்த ஏழில் ஒன்று சுராபாயாவின் சங்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சம்மேளனம் பெர்செபாயாவைப் பெற்றெடுக்கவில்லை, பெர்செபாயாதான் சம்மேளனத்தைப் பெற்றவர்களில் ஒருவர்.

1951, 1952, 1978, 1988, 1997, 2004 ஆகிய ஆண்டுகளின் தேசியப் பட்டங்களை வரிசையாகச் சொல்லிப் பெருமைப்படலாம். நான் 1988இல் மட்டும் நிற்கிறேன். அந்த வருடம் பிப்ரவரி 21 அன்று, தம்பக்சாரியில், சொந்த மண்ணில், பெர்செபாயா பாப்புவாவின் பெர்சிபுராவிடம் 0-12 என்று தோற்றது. ஆம், பன்னிரண்டு. முந்தைய ஆண்டு இறுதி ஆட்டத்தில் தங்களை வீழ்த்திய பி.எஸ்.ஐ.எஸ். செமாராங் அடுத்த சுற்றுக்கு வந்துவிடக் கூடாது, பெர்சிபுரா வந்தால் பரவாயில்லை, கணக்கு அவ்வளவுதான். சுமத்ராவின் லம்புங்கில் பழக்கிய யானைகளைப் பந்து உதைக்கவிட்டு வேடிக்கை காட்டுவார்கள். அதை வைத்து இந்த மாதிரி ஆட்டத்துக்கு ‘யானைக் கால்பந்து’ என்று அந்த நாட்டில் நிரந்தரப் பெயர் விழுந்துவிட்டது. யானையை அங்கேயும் ‘காஜா’ என்றுதான் சொல்வார்கள். கஜம் எங்கே போனாலும் பழியைச் சுமக்கிறது. சில வாரங்களில் பெர்செபாயா ஜகார்த்தாவின் பெர்சிஜாவை 3-2 என்று வென்று அந்த வருடப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது.

டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, தன் அணி பன்னிரண்டு கோல் வாங்குவதைப் பார்த்தவன் கேலரியில் இருந்தான். அந்த முடிவை எடுத்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். நகர மேயரே கிளப்பின் தலைவராக இருந்த காலம் அது. இந்த மோசடியைச் செய்தவர்களை யாரும் கும்பல் என்று அழைத்ததில்லை. ‘தந்திரம்’ என்று சொல்லிச் சிரித்தவர்கள்கூட உண்டு. ரசிகன் கல்லெறிந்தால் கலவரம். நிர்வாகி ஆட்டத்தையே விற்றால் அது தந்திரம். இந்த இரட்டைத் தராசை நான் ஏற்பதாக இல்லை.

2005இல் அடுத்த அடி. எட்டு அணிகளுக்கான சுற்றில், ஜகார்த்தாவில் பெர்சிஜாவுடன் மோத வேண்டிய ஆட்டத்திலிருந்து கிளப் விலகிக்கொண்டது. விலகல் கிளப் நிர்வாகத்தின் முடிவு, தண்டனை சம்மேளன நிர்வாகத்தின் முடிவு. முந்தைய ஆண்டின் சாம்பியன் கீழ்ப்பிரிவுக்குப் போனது. சுராபாயாவின் பையன்கள் அங்கேயும் பின்னாலேயே போனார்கள்.

ஆனால் உண்மையான கொலை முயற்சி 2010இல் நடந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பருவத்தின் கடைசியில் பெர்செபாயா கெடிரி நகரில் பெர்சிக்குடன் ஆட வேண்டும். பெர்சிக் தன் ஊரில் ஆட்டம் நடத்தப் பாதுகாப்பு அனுமதி வாங்க முடியவில்லை. நடத்தத் தவறியவருக்குத்தானே தோல்வி என்றது பெர்செபாயா. சம்மேளனமோ தேதியை மாற்றியது, ஊரை மாற்றியது, கடைசியில் கடல் தாண்டிச் சுமத்ராவின் பலெம்பாங்கில் வந்து ஆடு என்றது. பெர்செபாயா போகவில்லை. போகாததற்குத் தோல்வி எழுதி, அந்தத் தோல்வியின் பெயரில் கீழ்ப்பிரிவுக்கு இறக்கினார்கள். அந்தக் கணக்கில் நேரடி இறக்கத்திலிருந்து தப்பியது பெலிதா ஜயா. பக்ரி என்ற தொழிலதிபர் குடும்பத்தின் கிளப். சம்மேளனத்தின் துணைத்தலைவர் நாற்காலியில் அப்போது இருந்தவரும் அந்தக் குடும்பத்தவர். சுராபாயாவில் இதைத் தற்செயல் என்று நம்புகிற ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

தலைவர் நாற்காலியில் இருந்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003 முதல் 2011 வரை சம்மேளனத்தை நடத்திய நூர்தின் ஹாலித், ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குள் இருந்த காலத்திலும் பதவியை விடாமல் அங்கிருந்தபடியே தலைவராக நீடித்தவர். ரசிகர்களுக்கு ஒழுக்கம் போதித்த சம்மேளனம் இதுதான்.

பெர்செபாயா முறைத்துக்கொண்டு வெளியேறி, 2011இல் தொடங்கிய போட்டி லீகில் ‘பெர்செபாயா 1927’ என்ற பெயரில் சேர்ந்தது. விட்ட இடத்தைக் காலியாக வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கிழக்குக் காலிமந்தானின் உள்காட்டு மாவட்டமான மேற்குக் குதாயின் கிளப் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டுவந்து, பச்சைச் சட்டை மாட்டி, சுறாவும் முதலையும் உள்ள சின்னத்தை ஒட்டி, இதுதான் பெர்செபாயா என்றார்கள். ஊர்ப் பெயருக்கே சுறா, முதலை என்றுதான் ஊரார் பொருள் சொல்வார்கள். அந்தப் பச்சை முதலையைக் காலிமந்தானிலிருந்து வந்த பெட்டியில் அடைத்துவிட்டார்கள். சம்மேளனத்தின் முத்திரை புதியதற்கு. 2013இல் இரண்டு லீகுகளையும் ஒன்றாக்கியபோது அசல் கிளப்புக்கு அங்கீகாரம் போனது. தன்னைப் பெற்றவர்களில் ஒருவரைச் சம்மேளனம் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

‘ரசிகர்களே நோய்’ என்கிற கட்சிக்கு இது நல்ல சோதனைக்களம். அவர்கள் சொல்வது உண்மையானால் என்ன நடந்திருக்க வேண்டும்? கும்பலுக்கு வேண்டியது கூச்சலும் குத்தும்தானே. எந்தப் பச்சைச் சட்டை ஓடினால் என்ன? அதுவும் அந்தப் புதிய கிளப் தோற்றுக்கொண்டிருந்த கிளப் அல்ல. 2013இல் இரண்டாம் பிரிவின் பட்டத்தை வென்று, 2014இல் மேல்பிரிவில் ஆடியது. நகரம் கட்டிய பெரிய கெலோரா புங் தோமோ அரங்கம் காத்திருந்தது. போனெக்குகள் போகவில்லை. புறக்கணித்தார்கள். வெற்றிபெறும் ஓர் அணி, சொந்த ஊரில், அவர்களுடைய நிறத்தில், மேல்பிரிவில், வெறும் நாற்காலிகளைப் பார்த்து ஆடியது. போனெக்குகளோ எந்த லீகிலும் இல்லாத, ஆட்டமே இல்லாத கிளப்புக்காகக் காத்திருந்தார்கள். கும்பலுக்கு இந்தப் பொறுமை கிடையாது.

ஏன் காத்திருந்தார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த பதில் ஒரு சட்டை. 2000 ஏப்ரல் 3 அன்று தம்பக்சாரியில் யோக்யகார்த்தாவின் பி.எஸ்.ஐ.எம். அணியுடன் ஆட்டம். எரி இரியான்தோ என்ற நடுக்கள ஆட்டக்காரர், தூரத்திலிருந்து இடிபோல உதைப்பவர், எதிரணி வீரரோடு மோதி, உடம்பு முடியாமல் வெளியே வந்தார். அன்றிரவே மருத்துவமனையில் இறந்தார். அவருடைய 19ஆம் எண்ணை அதன் பிறகு பெர்செபாயாவில் யாருக்கும் தரவில்லை. வீரர்கள் தங்கும் விடுதிக்கு அவர் பெயர் வைத்தார்கள். ஒரு கிளப் என்பது பதிவுச் சான்றிதழா, இந்த மாதிரி காலியாக விட்டுவைத்த எண்ணா? பெட்டியில் வந்த முதலைக்குச் சின்னம் இருந்தது, முத்திரை இருந்தது, அந்த எண் அதற்குச் சொந்தமில்லை. சம்மேளனத்தின் வழக்கறிஞர்களுக்குப் புரியாத இந்த வேறுபாடு லாரியேறிப் பயணம் போன பையன்களுக்குப் புரிந்திருந்தது.

பொறுமையோடு நிற்காமல் போராட்டத்திலும் இறங்கினார்கள். 2015இல் அரசுக்கும் சம்மேளனத்துக்கும் மூண்ட சண்டையில் ஃபிஃபா இந்தோனேசியாவையே இடைநீக்கம் செய்தது; நாட்டில் லீக் நின்றது. இந்தக் குழப்பத்தில் போலிக் கிளப் ‘போனெக் எஃப்.சி.’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ரசிகர்களைத் திருட முடியவில்லை என்றதும் அவர்களுடைய பெயரைத் திருடிப் பார்த்தது என்று சொல்ல வேண்டும். பிறகு ‘சுராபாயா யுனைடெட்’. பிறகு 2016இல் போலீஸ் அணியோடு இணைந்து பயங்காரா. அதே 2016இன் நடுவில் சுராபாயா நீதிமன்றம் பெர்செபாயா என்ற பெயரும் சின்னமும் அசல் கிளப்பின் நிறுவனத்துக்கே சொந்தம் என்றது. தீர்ப்பு கிடைத்தும் சம்மேளனம் அசையவில்லை. ஆகஸ்டில் சம்மேளனத்தின் சிறப்பு மாநாடு ஜகார்த்தாவில் கூடியபோது ஆயிரக்கணக்கில் போனெக்குகள் தலைநகருக்குப் போய் வட ஜகார்த்தாவின் துகு மைதானத்தில் படுத்துக்கிடந்தார்கள். நவம்பர் 10 மாநாட்டிலும் வேலை முடியவில்லை. நவம்பர் 10 என்பது 1945இல் பிரிட்டிஷ் படையைச் சுராபாயா எதிர்த்துநின்ற நாள். தம்பக்சாரி மைதானத்தின் முழுப் பெயரிலேயே அந்தத் தேதி இருக்கிறது. அந்த நாளிலேயே சுராபாயாக்காரர்களைக் காக்க வைத்தார்கள். 2017 ஜனவரி 8 அன்று பாண்டுங்கில் கூடிய மாநாட்டில்தான் கதவு திறந்தது. பெர்செபாயா திரும்ப வந்தது, இரண்டாம் பிரிவில். அந்த வருட நவம்பரில் என்ன நடந்தது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

பயங்காராவின் பட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பாலி யுனைடெட்டும் அதே 68 புள்ளிதான் எடுத்தது. இரு அணிகளும் மோதிய ஆட்டங்களின் கணக்கில் போலீஸ் அணி மேலே போனது. வேறோர் அணியுடன் சமனில் முடிந்த ஓர் ஆட்டம், எதிரணி தடையில் இருந்த வீரரை இறக்கியது என்ற காரணத்தால், பின்னால் வெற்றியாக மாற்றி எழுதப்பட்டு இரண்டு புள்ளி கூடியிருந்தது. விதிப்படி சரியாகவே இருக்கலாம். இங்கேயும் மேசைதான் என்று மட்டும் சொல்லி விடுகிறேன்.

என் வாதத்துக்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானது. கிளப்பை மீட்டது கூட்டமல்ல, பணம். 2017 பிப்ரவரியில் டாஹ்லான் இஸ்கானின் மகன் அஸ்ருல் அனந்தா தலைமையில் ஜாவா போஸ் குழுமம் எழுபது சதவீதப் பங்கை வாங்கியது. மீதி முப்பது ஒரு கூட்டுறவுச் சங்கத்திடம். முதலாளி வந்தார், அணி எழுந்தது; இதில் போனெக்குக்கு என்ன புகழ்? சரி, அந்த முதலாளி எதை வாங்கினார் என்று பாருங்கள். அப்போது பெர்செபாயாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி அணி இல்லை. மைதானம் நகராட்சியினுடையது. தொலைக்காட்சி வருமானம் இல்லை, கோப்பை கனவில்தான். கிளப்பிடம் இருந்த ஒரே சொத்து, நான்கு வருடம் காலியான வாசலில் காத்துநின்ற கூட்டம். வசைச்சொல்லை ஊரறியச் செய்த பத்திரிகைக் குடும்பம் கடைசியில் அந்த வசைச்சொல்லைத்தான் விலைகொடுத்து வாங்கியது. நல்ல வியாபாரிகள், எது சொத்து, எது சுமை என்று தெரிந்தவர்கள். சம்மேளனத்துக்குத்தான் அது தெரியவில்லை.

திரும்பிவந்த பிறகு 2019இல் லீகில் இரண்டாம் இடம். அதே ஆண்டு போனெக்குகள் கேலரியிலிருந்து மைதானத்துக்குள் பொருள்களை மழையாக எறிந்த ஒரு நாளும் உண்டு. எறிந்தவை பொம்மைகள், புற்றுநோயால் அவதிப்படும் குழந்தைகளுக்காக. இந்தோனேசிய மொழியில் பொம்மைக்கு ‘போனேகா’ என்று பெயர். தங்கள் பெயரை வைத்துத் தாங்களே செய்த சிலேடை. அதே ஆண்டில் அவர்கள் மைதானத்தில் ரகளை செய்ததும் உண்டு. இரண்டும் ஒரே கூட்டம். மனிதர்கள் அப்படித்தான்.

கன்ஜுருஹானைத் தள்ளிவைத்துக்கொண்டே வந்தேன், இனி முடியாது. 2022 அக்டோபர் 1, இரவு எட்டு மணி ஆட்டம். அரேமாவும் பெர்செபாயாவும் ஜென்மப் பகையாளிகள். போலீஸ் ஆட்டத்தை மாலை நேரத்துக்கு மாற்றக் கேட்டது. லீக் நிறுவனம் இரவிலேயே வைத்தது. 38 ஆயிரம் என்று சொன்ன இடத்துக்கு 42 ஆயிரம் டிக்கெட் அச்சாயிற்று. பெர்செபாயா ரசிகர்களுக்கு டிக்கெட்டே விற்கவில்லை. பெர்செபாயா 3-2 என்று வென்றது. மலாங்கில் அரேமாவை வெல்வது இருபத்து மூன்று ஆண்டில் முதல் தடவை. அரேமா ரசிகர்கள் சிலர் களத்தில் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகைக்குண்டு எறிந்தது. களத்துக்குள் மட்டுமல்ல, கேலரியை நோக்கியும். மைதானத்துக்குள் அந்தப் புகையே கூடாது என்பது ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி. மூச்சுமுட்டி வாசலுக்கு ஓடியவர்கள் இடுங்கிய, திறக்காத கதவுகளின் முன்னால் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து செத்தார்கள். குழந்தைகள் பலர். அமைச்சர் மஹ்ஃபுத் தலைமையிலான உண்மை கண்டறியும் குழு இரண்டு வாரத்துக்குள் அறிக்கை கொடுத்தது: சாவுக்கு முக்கியக் காரணம் புகைக்குண்டு, சம்மேளனத் தலைமை பதவி விலக வேண்டும். அந்தத் தலைமையில் இருந்தவர் முன்னாள் போலீஸ் ஜெனரல்.

பத்தாண்டு முன்பே இதற்கு ஒத்திகை நடந்தது. 2012 ஜூனில், தம்பக்சாரியில், பெர்சிஜாவுடனான ஆட்டத்தில் போலீஸ் புகைக்குண்டு எறிந்தது. நெரிசலில் ஒரு போனெக் இறந்தான். அப்போதும் ரசிகர் கலவரம் என்றுதான் பேசப்பட்டது. அன்றைக்கே அதைப் புகை என்று எழுதியிருந்தால்?

கன்ஜுருஹான் வழக்கின் விசாரணை சுராபாயாவில் நடந்தது. 2023 மார்ச்சில் மூன்று போலீஸ் அதிகாரிகளில் ஒருவருக்கு ஒன்றரை ஆண்டு, இருவர் விடுதலை. எறிந்த புகையைக் காற்று வேறு பக்கம் கொண்டுபோனது என்றது நீதிமன்றம். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்துசெய்து இரண்டு, இரண்டரை ஆண்டு என்று எழுதியது. 135 உயிர்.

பகையாளி ஊரில் செத்தவர்களுக்காகச் சுராபாயாவில் போனெக்குகள் மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்தார்கள். அந்த வாரத்தில் இந்தோனேசியக் கால்பந்தில் நடந்த ஒரே கண்ணியமான காரியம் அது என்று சொன்னால் மிகையாகாது.

இத்தனைக்கும் பிறகு சம்மேளனமும் லீகும் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? 2023-24 பருவத்திலிருந்து வெளியூர் ஆட்டங்களுக்கு எந்த அணியின் ரசிகரும் போகக் கூடாது. கன்ஜுருஹானில் அன்றிரவு வெளியூர் ரசிகர்களுக்கு ஒரு டிக்கெட்கூட விற்கப்பட்டிருக்கவில்லை.